ஜோர்ஜுக்கு அடித்த மணி

மெல்பேர்ண், 1974 ஜூலை, செவ்வாய் இரவு

சாப்பிடும்போது மனைவி, "ஏனப்பா, ஒண்டும் கதைக்கிறியள் இல்லை?" என்று கேட்டாள். "ஒண்டுமில்லை, களைப்பு" என்றேன்.

இன்று ட்ராமில் ஜோர்ஜ்தான் சாரதி, நான் கண்டக்டர். எங்களுக்குத் தொழிற்சங்கச் சந்தா கட்டாயம். போன கிழமைக் கூட்டத்தில் ஜோர்ஜ் எழுந்து, தான் வாக்குப் போடாத கட்சிக்குத் தன் சந்தா போகிறது, இனிக் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கட்டும்வரை அவரோடு ஒருவரும் பேசக்கூடாது என்று தீர்மானம் வந்தது. எல்லாரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். சங்கத்தைக் குறை சொல்லமாட்டேன்; எனக்குச் சுகவீன லீவு வாங்கித் தந்ததே அதுதான். ஜோர்ஜும் பெரிய நல்லவர் இல்லை. என் பெயரை ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை.

சாரதியோடு பேசத் தேவையும் இல்லை. கயிற்றை இழுத்து ஒருமுறை மணி அடித்தால் நிற்பாட்டுவார், இருமுறை அடித்தால் எடுப்பார். நாள் முழுக்க அப்படியே போனது.

கடைசித் தரிப்பில் பயணிகள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ட்ராமைத் திருப்பாமல் மற்ற முனையிலிருந்து ஓட்டுவதற்காக ஜோர்ஜ் அதை இயக்கும் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு நடந்து வந்தார். எனக்கு முன்னால் நின்றார்.

"சிவலிங்கம், நீயும் கை தூக்கினனியோ?" என்று கேட்டார்.

பெயரைச் சரியாகச் சொன்னார்.

பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஓம் என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் போய்க் கைப்பிடியை மாட்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கயிற்றை இருமுறை இழுத்தேன்.

ட்ராம் புறப்பட்டது.