எங்கள் மேட்டை விழுங்கிய நீலம்

அன்புள்ள சுண்டெலிக்கு,

மீன்களின் மாமன்னரும் பாசியின் பாதுகாவலருமான உன் சித்தப்பா, ஏரியின் அடியிலிருந்து எழுதிக்கொள்வது. போனில் பேசினால் சித்தி காதில் விழும்; அதனால்தான் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை சித்தி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அது ஒரு மணி நேரம் ஏரிக்கரையைச் சுற்றிச் சுற்றி வந்தது. "சார், நீங்க சொல்ற வீடு நடுத்தண்ணில காட்டுது. விளையாடறீங்களா?" என்றார் ஓட்டுநர். தரையில் கிடந்தவளோ, "அவர்கிட்டயும் கதை அளந்தீங்களா?" என்று என்னைத்தான் திட்டினாள்.

ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு கைபேசியில் வரைபடத்தைத் திறந்தேன். சீ! ஏரி நடுவிலுள்ள நம் மேடு, அதற்கு வரும் பாலம், பதினெட்டு வீடு, எல்லாம் ஒரே நீலம். சாக்கடையை வாரிப் பூசியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

பக்கத்து வீட்டு சர்வேயர் விளக்கினார். கணினிக்கு ஏரி என்பது வரிசையாகப் புள்ளிகளாம். கடைசிப் புள்ளி முதல் புள்ளியைத் தொட்டதும் உள்ளே இருப்பதெல்லாம் தண்ணீர். நடுவில் மேடு இருந்தால் அதைச் சுற்றித் தனியாக ஒரு வளையம் வரைந்து கழிக்க வேண்டும். "கரைக்கு நானூறு புள்ளி வச்ச மகராசன் மேட்டுக்கு ஒண்ணுகூட வைக்கல சார்!"

அந்த மகராசனின் ஏழு தலைமுறையையும் நான் திட்டிய சூட்டில் ஏரி பாதி வற்றிவிட்டது. சித்தியும் விடவில்லை: "நம்ம சுண்டெலி அந்த வரைபட வேலையிலதானே இருக்கா, அவகிட்ட சொல்லுங்க. தடியனைக் கண்டுபிடிச்சுக் காதைத் திருகிடுவா."

ஏரியை வரைந்தவர் அங்கே வைத்துக்கொண்ட பெயரை சர்வேயர் கைபேசியில் தட்டிக் காட்டினார். சுண்டெலி. நான் உனக்கு வைத்த செல்லப்பெயர். திட்டிய தலைமுறையில் நானும் ஒருவன்.

லீவுக்கு லீவு இந்த மேட்டைச் சுற்றி ஓடி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவள் நீ. நானூறு புள்ளி வைக்கும்போது ஒரு புள்ளியில்கூடவா நாங்கள் நினைவுக்கு வரவில்லை? நீ வந்து நாலு வருஷம் ஆகிறது. தண்ணீர் என்றே நினைத்துவிட்டாயோ? இதை எழுதவே எனக்குக் கசக்கிறது.

சித்திக்குக் காய்ச்சல் கண்டால் உடனே தூக்கி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இன்றே அந்த வளையத்தை வரைந்துவிடு, தாயே. யார் வரைந்தது என்று சித்திக்குத் தெரியாது. என் வாயிலிருந்து வரவும் வராது. மேட்டின் விளிம்பு மறந்திருந்தால் நேரில் வந்து நடந்து பார்த்துக்கொள். பாலம் அங்கேயேதான் இருக்கிறது.

நூறாண்டு நன்றாயிரு.

கால் நனையாமல் காத்திருக்கும்
சித்தப்பா