இரண்டாவது நிறத்தையும் பார்த்தேன், மதினி

என் பிரியமுள்ள மதினிக்கு,

நீங்கள் கண்மூடி இரண்டு மாதமாகிறது. உங்களைச் சந்தேகப்பட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்பர்நாத் சோப்பு ஃபேக்டரி லேபில் உங்கள் மேஜை இப்போது எனக்கு. போன வாரம் ஒரு பேட்ச் சோப்பு கட்டியாகவே இல்லை. அதற்குப் போட்ட காஸ்டிக் சோடா டிரம்மை மழைக்கு முன்பே சோதித்து, 'சுத்தம்' என்று கையெழுத்திட்டிருந்தீர்கள்.

"உடம்பு முடியாம இருந்தாங்க. டெஸ்ட் பண்ணாமலே எழுதிட்டாங்களோ?" என்றார் மேனேஜர். நானும் அப்படித்தான் நினைத்தேன். சயானில் வீட்டுக்கு இறங்கும்வரை ரயிலில் அதே நினைப்பு. நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தீர்களே, யாருக்குத் தெரியும்?

மறுநாள் அந்த டிரம்மிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கரைத்து அமிலம் சொட்டினேன். நிறங்காட்டியாக விட்ட பினாப்தலீனின் இளஞ்சிவப்பு மறைந்தது. அடுத்து இரண்டாவது நிறங்காட்டி, மெத்தில் ஆரஞ்சு. வெறும் காஸ்டிக் என்றால் ஓரிரு துளியில் மஞ்சள் சிவந்துவிடும். இதுவோ அமிலத்தைக் குடித்துக்கொண்டே இருந்தது. சலவைச் சோடா கலந்திருக்கிறது. அப்படியானால் பொய்யா எழுதினீர்கள்?

சோதித்த அன்றே அந்த டிரம்மிலிருந்து எடுத்து நீங்கள் மெழுகு வைத்து அடைத்த சாம்பிள் பாட்டில் அலமாரியில் இருந்தது. திறக்கவே பயம். அதையும் சோதித்தேன். இளஞ்சிவப்பு மறைந்தபின் இரண்டே துளி, சிவந்துவிட்டது. நம்பாமல் மூன்று தடவை செய்தேன்.

அப்படியானால் டிரம் பிறகுதான் கெட்டிருக்கிறது; ஸ்டோருக்கு ஓடினேன். அங்கே டிரம் உருட்டும் செல்லத்துரை சொன்னான்: "மூடி ஒடஞ்சி மழ பூரா தொறந்தே கெடந்துச்சுக்கா. சாருக்குத் தெரியுமே."

காற்றுப் பட்டால் காஸ்டிக், சலவைச் சோடாவாக மாறிவிடும் என்பது மேனேஜருக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் உங்களைக் காட்டினார்? திரும்பி வந்து கேட்க மாட்டீர்கள் என்றா?

இரண்டு அளவுகளையும் அவர் முன் வைத்தேன். "ஜானே தோ ஜெயா, விட்டுரு. போனவங்களப் பத்தி யாரு கேக்கப் போறா?"

"நான் கேக்கேன், சார்."

'தவறு ஸ்டோரில்தான்' என்று ரெஜிஸ்டரில் அவர் எழுதும்வரை நகரவில்லை. எழுதிவிட்டார். ஆனாலும் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்வேன், நான் உங்களைச் சந்தேகப்பட்டதையும் சேர்த்து. ஏசினால் ஏசட்டும்.

உங்கள் நாத்தனார்,
ஜெயா