கோழி தின்ற ரக்அத்து

பிஸ்மில்லாஹ்.

அன்பு மகன் அன்சாருக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நீ அங்கே சுகமாக இருப்பாய். தக்கலையில் நாங்களும் சுகம், வாப்பாவின் வலது காலைத் தவிர. பள்ளிவாசலில் ஒளுவுக்குக் கை கால் கழுவும் இடத்தில் வழுக்கி விழுந்து, மாவுக்கட்டு போட்டு இன்றைக்கு இருபத்திரண்டு நாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், எழுதக் கூடாது என்று வாங்கவில்லை. அடுத்த வீட்டு செல்வதாஸ் சாரின் மகன் சிஜின் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

இப்போது ஐந்து வேளையும் வீட்டில் நாற்காலியில் இருந்துதான் தொழுகை. நின்று குனிந்து தொழுத காலம் வரை எத்தனை ரக்அத்து ஆனது என்பதைக் கால்முட்டுதான் நினைவில் வைத்திருந்தது போலிருக்கிறது, உட்கார்ந்ததும் எண்ணம் தப்பத் தொடங்கிவிட்டது. சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டு மீதியைத் தொழுது, கடைசியில் மறதிக்காக இரண்டு ஸஜ்தா செய்யுங்கள் என்று பள்ளிவாசல் உஸ்தாத் சொன்னார். இவருக்கோ எப்போதும் சந்தேகம், அதனால் எப்போதும் குறைந்த எண். மதியம் நாலு ரக்அத்து லுஹர் ஏழு எட்டு என்று நீண்டு, ஒருநாள் இவர் ஸலாம் கொடுத்து முடிக்கும் முன் சாயங்கால அஸர் பாங்கே சொல்லிவிட்டார்கள். மீன்கறியை நான் மூன்று தடவை சூடாக்கினேன். நான் எண்ணித் தருகிறேன் என்றால், பாதியில் நீ கதை பேசத் தொடங்கிவிடுவாய் என்கிறார்.

அதனால் செல்வதாஸ் சாரைப் பிடித்தார். முப்பது வருஷம் கணக்கு வாத்தியார் அல்லவா. வாப்பாவின் முன்னால் ஒரு ஸ்டூல், ஒரு ரக்அத்து முடிந்தால் அதன்மேல் சார் ஒரு நிலக்கடலை வைப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பிந்திப் போகிற மனுஷன் லுஹர் பாங்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் மனைவி தேவகனிக்குக் குறை. நாலு நாள் நன்றாகப் போனது. ஐந்தாம் நாள் நம் செம்புள்ளிக் கோழி ஸ்டூலில் ஏறி ஒரு கடலையைக் கொத்திக்கொண்டு ஓடிவிட்டது. சார் பின்னால் ஓடினார், இவர் மிச்சமிருந்த கடலையைப் பார்த்து இன்னொரு ரக்அத்து தொழுதார். கோழி தின்ற ரக்அத்தைப் பற்றி உஸ்தாதிடம் கேட்டால், எந்தக் கிதாபிலும் பார்த்ததில்லை என்று தலையைச் சொறிகிறார்.

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன் மக்கா. ஆனால் இவர் ராத்திரி உறக்கம் இல்லாமல் புரள்கிறார், எனக்குப் புத்தி மங்குகிறது ஹாஜறா, என் தொழுகை ஒன்றும் அல்லாஹ்விடம் ஏறாது என்று சொல்லி அழுதார். எனக்கும் பயம் பிடித்தது. நேற்று சார் அடுக்களைப் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: "அவருக்க புத்திக்கு ஒரு கேடும் இல்ல. ரெண்டு வரை சரியாட்டுதான் போவுது. மூணாவதுல ஸஜ்தாவுக்குக் குனிஞ்சா, அன்சாரு அன்சாருன்னு சொல்லிட்டே கெடக்காரு. நிமிரும்போ எண்ணம் தெத்திப் போவுது."

தொழுகைக்குள் இப்படித் தமிழில் உனக்காகக் கேட்கலாமா என்று உஸ்தாதிடம் நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். எட்டு மாதத்துக்கு முன் போனில் தொழுதியா என்று அவர் கேட்டதற்கு, உங்களுக்கு வேறு ஒன்றும் கேட்கத் தெரியாதா என்று சொல்லி நீ வைத்தாயே, அதன்பிறகு அவர் போனைத் தொடவில்லை. அவருக்கு வேறு கேட்கத் தெரியாதுதான் மக்கா. சாப்பிட்டியா, தூங்கினியா, தனியா இருக்கியா எல்லாம் அவருக்கு அந்த ஒரு சொல்தான். எனக்கு உன்மேலும் கோபம், அவர்மேலும் கோபம்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவான். தலையில் எண்ணெய் தேய், ஏசிக்கு நேரே படுக்காதே. இங்கே அஸர் முடிந்து ஐந்து மணிக்கு, அங்கே உனக்கு இரண்டரை, வாப்பாவைக் கூப்பிடு. தொழுதியா என்று கேட்பார். தொழுதேன் என்று சொல், தொழவில்லை என்றால் தொழுதுவிட்டுக் கூப்பிடு. நீ ஒரு வார்த்தை பேசிவிட்டால் அவருக்கு நாலு ரக்அத்து நாலில் முடியும்.

உனக்காக துஆ கேட்கும் உம்மா,
ஹாஜறா பீவி