றேமண்டின் நாவலுக்கு நான் பேசியது

மார்ச் 4, திங்கள்
றேமண்ட் அனுப்பிய அவனுடைய சரித்திர நாவலில் இருநூறாம் பக்கம். ஒல்லாந்தர் காலத்துக் கொழும்பு, கத்தோலிக்கருக்குத் தடை, ஒளித்து வைத்த பூசை. எங்கள் ஆட்களின் கதை. ஆனால் இதுவரை ஒருவரும் ஒரு பிடி சோறு சாப்பிடவில்லை. எல்லாரும் வாள் சுழற்றுகிறார்கள். சரித்திர நாவல் என்றால் அந்தச் சனம் என்ன சாப்பிட்டது, எதற்குப் பயந்தது என்று எனக்குத் தெரியவேண்டும். முப்பது வருஷ நண்பன். நாவல் எழுதுகிறவள் நான், என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா?

மார்ச் 6
முகத்துவாரத்து மீன்காரி ஒருத்தியை ஒல்லாந்தர் கட்டிவைத்து அடிக்கிறார்கள். அதே பந்தியில் றேமண்ட் அவளின் இடையை வர்ணிக்கிறான்! கசையடி விழும்போது இடையா கண்ணில் படும்? புத்தகத்தை எறிந்தேன். என் அம்மாவும் அங்கே மீன் விற்றவள். அவனுக்குத் தெரியும்.

மார்ச் 7
அவன் மனைவி நேசம் போன் எடுத்தாள். சனிக்கிழமை வெள்ளவத்தையில் வெளியீடு, நான் மதிப்புரை. ஆறு வருஷம் எழுதினவர், நெஞ்சு வருத்தக்காரர், நல்லதாய் நாலு வார்த்தை சொல்லுங்கோ என்றாள். ஓம் என்றேன்.
ஏன் ஓம் என்றேன்?

மார்ச் 9
சொல்லிவிட்டேன். மேடையில், அவன் முன்னாலேயே.
"இந்த நாவலில சனம் இல்லை. உடுப்புத்தான் இருக்கு."
மீன்காரியின் பந்தியை வாசித்தும் காட்டினேன். ஒருவரும் கைதட்டவில்லை. றேமண்ட் தலைகுனிந்தபடியே இருந்தான். நேசம் என்னைப் பாராமல் போனாள். கொட்டாஞ்சேனை வீட்டுக்குத் தனியாகப் பஸ்ஸில் வந்தேன். ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

மார்ச் 17
அவனிடமிருந்து போன் இல்லை. நானும் அவனுக்கு எடுக்கவில்லை.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு
பூசை முடிந்து வர, வீட்டு வாசலில் றேமண்ட். என் கடைசி நாவலை நீட்டினான். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கீறலும் குறிப்பும்.
"நீர் அண்டைக்குச் சொன்னது சரி, சாமினி. இதெல்லாம் நான் அப்பவே சொல்லியிருக்க வேணும். உமக்கு நோகும் எண்டு விட்டிட்டன்."
அதை அச்சுக்குப் போக முன் வாசித்தவன் அவன்தான். அருமை என்றவன். அப்ப இவ்வளவு காலமும் எனக்குப் பொய்யா சொன்னவன்? புத்தகத்தை வாங்கினேன், உள்ளே கூப்பிடவில்லை. கதவைச் சாத்தினேன்.

மார்ச் 28
அவன் பென்சில் குறிப்புகளை வாசித்தேன். ஓரிடத்தில்: 'இந்தத் தாய் அழுவதைத் தவிர வேறொன்றும் செய்ய மாட்டாளா?'
அம்மாவை நினைத்து எழுதிய பாத்திரம். அம்மா அழுது நான் கண்டதேயில்லை. பிறகேன் அப்படி எழுதினேன்?

ஏப்ரல் 2
எழுதிக்கொண்டிருந்த நாவலில் மூன்று அத்தியாயத்தைக் கிழித்தேன். புதிதாக எழுதிய பத்துப் பக்கத்தோடு வத்தளைக்கு, றேமண்ட் வீட்டுக்குப் போனேன். நேசம் அவனுக்கு மட்டும் தேத்தண்ணி வைத்தாள். இரண்டாம் பக்கத்திலேயே இது சரியில்லை என்றான். ஆத்திரம் வந்தது. எது என்று கேட்டபடி கதிரையை அவன் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.