ஏலத்தில் எடுத்த கருப்பட்டி

எண்ணூர்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகம்.

நீங்கள் அனுப்பிய கருப்பட்டிப் பொட்டலத்தை அறுப்பின் பண்டிகைக்கு இங்குள்ள கோயிலில் காணிக்கையாக வைத்தேன். ஆராதனை முடிந்து காணிக்கைகளை ஏலம் விட்டவர் அதைத் தூக்கிப் பிடித்தபோதுதான், சுற்றியிருந்தது உங்கள் பழைய சேலைத்துணி என்று கண்ணில் பட்டது. யாருக்கும் விடாமல் நானே ஏற்றிக் கேட்டு எடுத்துவிட்டேன். செருப்புக்கு வைத்திருந்த பணம் போயிற்று. உற்சாகமாய்க் கொடுக்கிறவன் என்று போதகர் எல்லார் முன்பும் மெச்சினார்.

அறையில் கூட இருக்கும் மொஹ்சின், "ஆண்டவனுக்குக் குட்த்தத நீயே வாங்கிகினு வந்துட்ட. இது இன்னா கணக்கு மாமு?" என்றான். கொடுத்தேனா, பிடுங்கிக்கொண்டேனா? எனக்கே தெரியவில்லை. பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. இனி எது அனுப்பினாலும் உங்கள் சேலையில் கட்டாதீர்கள் அம்மா, கடைப் பையில் போடுங்கள்.

ஜெயசிங்