ஈர நெற்றி

மே 8, 2021, சனி

நாளை மறுநாள் முதல் ஊரடங்கு. வேலைக்குக் கீழே போனவர்கள் எல்லாம் மலைக்குத் திரும்புகிறார்கள். சோதனைச் சாவடியில் இன்று முந்நூறு நெற்றிக்கு மேல் காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டியிருப்பேன். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. பெருமையாகத்தான் இருந்தது.

மதியம் பூபதி அண்ணன் திருப்பூரிலிருந்து பைக்கில் வந்தான். 96.

"உடம்பெல்லாம் வலிக்குது கண்ணு" என்றான்.

"எழுபது வளைவு ஓட்டுனா வலிக்காதா? போண்ணா, அப்பா சாப்புடாம காத்திருக்காரு" என்று அனுப்பினேன்.

மே 12, புதன்

அண்ணனுக்கு வாசனையே தெரியவில்லையாம். அப்பாவுக்கு இருமல்.

மே 15, சனி

நேற்று அப்பாவைக் கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆம்புலன்சிலேயே ஆறு மணி நேரம், படுக்கை கிடைக்கும்வரை.

இன்று பக்கத்து வீட்டு வண்டியில் மேலே வந்தேன். சாவடிக்கு முந்தின வளைவில் கருப்பனார் கோயில். ஊற்றுத் தண்ணீரில் முகம் கழுவி, திருநீறு பூசாமல் எங்கள் சனம் யாரும் அதைத் தாண்டாது. நானும் கழுவினேன். அப்பாவுக்காக வேண்டிக்கொண்டேன். சாவடியில் என்னோடு வேலை பார்க்கும் பிரேம் எனக்குக் கருவி வைத்தான். 96.2. ஆனால் என் கை கொதிக்கிறதே? முகத்தைத் துடைத்துவிட்டு, கால் மணி நேரம் உள்ளே உட்கார்ந்து, மறுபடி வைக்கச் சொன்னேன். 101.

அப்படியென்றால் அந்த முந்நூறு பேர்? அத்தனை பேரும் ஈர நெற்றியோடுதானே வந்தார்கள்? அண்ணன் முடியில்கூடத் தண்ணீர் சொட்டியது. பார்த்தேனே. பார்த்துட்டுத்தானே போன்னு சொன்னேன்?

மே 16, ஞாயிறு

அதிகாரிக்குப் போன் செய்தேன். இனி வருகிறவர்களை உட்காரவைத்து, நெற்றி காய்ந்த பிறகே பார்க்கவேண்டும் என்றேன். "இத்தன நாளா என்னம்மா பண்ணுனீங்க?" என்றார்.

நானும் அண்ணனும் வீட்டில் ஆளுக்கொரு அறையில். யாரும் வெளியே வராதபடி வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள்.

மே 18, செவ்வாய்

அப்பா போனை எடுக்கவில்லை. சாமி, என்னை எடுத்துக்க. அவரை விட்டுடு.

மே 19, புதன்

அப்பா போய்விட்டார். கீழேயே எரித்துவிட்டார்கள். முகம்கூடப் பார்க்கவில்லை.

மே 22, சனி

மூன்று நாளாக அண்ணன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இன்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்.

"அன்னைக்கு நீதானே பாத்தே சுமித்ரா? எனக்குக் காய்ச்சல் இல்லைன்னுதானே காட்டுச்சு? அப்போ அப்பாவுக்கு என்னால வரலைதானே?"

"இல்லண்ணா" என்றேன். "உனக்குக் காய்ச்சலே இல்ல."

கொஞ்ச நேரம் கழித்துக் கஞ்சி கேட்டான். வைத்துக் கொடுத்தேன்.