புளித்தண்ணீர்

1971, ஆவணி மாதம், செவ்வாய் இரவு

காலையில் மண்ணூர்பேட்டையிலிருந்து ஒரு குழந்தையை எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு வயதுகூட இருக்காது. லேத் பட்டறையில் வேலை பார்க்கும் தகப்பன், கையில் ஒட்டிய கிரீஸைத் துடைக்க மண்ணெண்ணெயைக் கலர் சோடா பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறான். குழந்தை அதை எடுத்துக் குடித்துவிட்டது.

முதலில் பார்த்தவள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா. புளியைக் கரைத்து ஊற்றி, தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்திருக்கிறாள். அதுதான் வினை. வயிற்றோடு போயிருக்க வேண்டிய எண்ணெய், வாந்தியோடு மேலேறி நுரையீரலில் இறங்கிவிட்டது. மூச்சுக்குத் திணறிய குழந்தைக்கு ஊசி போட்டு, பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு வேனில் அனுப்பினேன். பிழைக்கும் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

கன்னியம்மா மட்டும் வாசலிலேயே நின்றாள். புடவையெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம்.

"அல்லாத்தையும் வெளிய கொண்ணாந்துட்டேன் டாக்டரம்மா. ஒரு சொட்டு உள்ள இல்ல. புள்ள பொயச்சிக்கும் இல்ல?"

"உடனே தூக்கிட்டு வந்தீங்களே, அதுவே நல்லதாப் போச்சு" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "எங்க லைன் வூடுங்கள்ல எந்தப் புள்ள இன்னாத்த முழுங்கினாலும் எங்கிட்டதாம்மா தூக்கினு வருவாங்க."

மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்று நாளைக் காலையிலேயே அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். அந்தக் குழந்தை உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிட்டால் தேவலை.